அச்சு ஈயம்

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கடலைக்காடு. பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார்கள். குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறக்குகிற பழைய வகை. குண்டு வார்ப்பது அண்ணன் திருமலைசாமி. சுடுவது தம்பி சென்னிமலை.

ஈயம் வாங்கத் திருமலைசாமி கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குத்தான் போவார். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அப்படி மெத்தென்று இருந்தால்தான் இடிக்கும்போது குழலுக்குத் தக்கபடி நசுங்கி அடிவரை போகும். நடுவில் நின்றுவிட்டால் சுடும்போது குழலே வெடித்துவிடும். பேட்டரித் தகடு கெட்டி ஈயம், சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் கடலை பறிக்கிற சமயம் பார்த்து ஈயம் தீர்ந்துபோனது. சத்தியில் அச்சகம் வைத்திருந்த சிநேகிதர் உமர் பாரூக் ஒரு சாக்கை நீட்டினார்.

"கம்ப்யூட்டர் வந்தப்புறம் இந்த எழுத்தெல்லாம் சும்மாதான் கெடக்குதுங்ணா. ஈயந்தானுங்க, எடுத்துட்டுப் போங்க."

உருக்கி வார்த்ததும் குண்டுகள் பளபளவென்று வந்தன. திருமலைசாமி நகம் வைத்து அழுத்தினார். கோடு விழவில்லை. உக்கடம் போய்வர ஒரு நாள் ஆகும். அன்று காலைதான் பன்றிகள் மேற்குப் பக்கத்தை உழுதுபோட்டுப் போயிருந்தன. இந்த ஒரு தடவைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சென்னிமலை மருந்தும் குண்டும் போட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்தான்.

"ஏனுங்ணா, குண்டு எறங்க மாட்டீங்குது?"

"ரெண்டு இடி சேத்திப் போடு."

இடித்தான். "எறங்கிருச்சுங்ணா" என்றான். குண்டு அடியிலிருந்த மருந்தைத் தொடாமல் பாதிக்குழலில் சிக்கி நின்றிருந்தது.

விடிகாலையில் காட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. குழல் வெடித்து, அதன் சில்லு தம்பியின் கழுத்தில் பாய்ந்திருந்தது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில், புளியம்பட்டி தாண்டும் முன்பே சென்னிமலையின் உயிர் போய்விட்டது.

மருந்து கூடிப்போச்சு என்று ஊர் பேசியது. கருமாதி முடிந்த மறுநாள் உமர் பாரூக் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் குடுத்த ஈயத்தாலதானுங்களாண்ணா?"

"ஈயத்து மேல என்னங்க தப்பு? நகம் போட்டுப் பாத்தேன். கோடு உழுகுல. தெரிஞ்சேதான் வார்த்துப்போட்டேன்."

கதவருகே தம்பி மனைவி புவனா குழந்தையோடு நின்றிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமுங்களா, மாமா?"

"எறங்கலீன்னு சொன்னானம்மிணி. நாந்தான் இடிக்கச் சொன்னேன்."

புவனா அழவில்லை. உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து அந்தியூரில் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் பங்கு மூட்டைகளைத் திருமலைசாமியே அந்தியூருக்குக் கொண்டுபோனார். ஆளை அனுப்பலாம் என்று வீட்டில் சொன்னார்கள், கேட்கவில்லை. புவனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எதிரே வைப்பாள். அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.