எச்சரிக்கை போகும் எண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் வரை வண்டியில் யாரையென்று தெரியாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

எங்கள் கம்பெனி சுற்றுப்பட்டு ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிறது. ஊருக்கு ஒரு ரவுட்டர். லைன் அறுந்தாலோ கரண்ட் போனாலோ பொறுப்பாளரின் போனுக்கு எச்சரிக்கை வந்து, நிற்காமல் மணியடிக்கும். அவர் ‘பார்த்தாச்சு’ என்று அழுத்தினால் நிற்கும். பத்து நிமிஷம் யாரும் அழுத்தாவிட்டால் எனக்கு வரும். அன்று காலை நாமகிரிப்பேட்டை லைன் நாலு மணி நேரம் செத்துக் கிடந்தது. மஞ்சள் மண்டிக்காரர்கள் என் பரம்பரையையே இழுத்தார்கள். எனக்கு எச்சரிக்கையே வரவில்லை. பதிவைத் திறந்து பார்த்தேன். 9.12க்கு எச்சரிக்கை, 9.13க்கு ‘பார்த்தாச்சு’. அழுத்தியவர் ஷஹ்பாஸ்.

எங்களிடம் லைன் பார்த்துக்கொண்டிருந்த ஷஹ்பாஸ் ஓமலூர் ரோட்டில் லாரி மோதி இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. பதினாலு ரவுட்டர்களிலும் முதல் எண்ணாகத் தன் எண்ணைப் போட்டு வைத்தவன் அவன். அதை மாற்ற வேண்டியவன் நான். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்தப் பெயரை அழிக்கக் கை வரவில்லை. தப்பு என்னுடையது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

ராசிபுரத்தில் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ரோஷன் பீவி நாற்காலி எடுத்துப் போட்டார். மனைவி அஃபீபா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வெளி ஆண்கள் முன் வரமாட்டாள் என்பதால் கதவுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“நான்தாங்கண்ணா அமுத்தினேன்” என்றாள். “சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போயி அமுத்திப்போட்டுத்தான் அவரு உக்காருவாரு. அமுத்தாம உட்டா நீங்க அவரைத்தானுங்க வைவீங்க.”

வைதிருக்கிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள்கூட வைதிருக்கிறேன்.

நான் போனைக் கேட்கவில்லை. எண்ணை மாற்றப்போகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெளியே வண்டிமேல் லேப்டாப்பை வைத்து, ரவுட்டர் ரவுட்டராக அவன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். ஆபீசில் இருந்த சௌமியாவிடம் ஒரு லைனைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். என் போன் அடித்தது. உள்ளே அவன் போனில் சத்தமே இல்லை.

மூன்று நாள் கழித்து மத்தியானம் ராசிபுரத்தில் கரண்ட் போனது. எச்சரிக்கை எனக்கு வந்தது, அழுத்தினேன். அரைமணி கழித்து மறுபடி போன் அடித்தது. திரையில் ஷஹ்பாஸ் என்று பெயர். எடுத்தேன். அஃபீபா.

“அண்ணா, கரண்ட் போயி நேரமாச்சுங்க. இவரு போன் அடிக்கவே இல்லீங்க.”

இனி எனக்குத்தான் வரும், எண்ணை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.



“அப்ப அவருக்கு இனி வேலை இல்லீங்களாண்ணா?”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.