தட்டில் மூன்று லாக்

1.

இந்தக் கதை என் சட்டைப்பையிலிருந்து பிறந்தது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

தொடக்கம் ஒன்று: "அந்தப் பட்டறையில் காற்றுகூட எண்ணெய் வாசத்தோடு..." வேண்டாம். பட்டறைக்குள் நுழைகிற எழுத்தாளர்களுக்கெல்லாம் முதலில் மூக்குதான் வேலை செய்கிறது.

தொடக்கம் இரண்டு: அக்கா மெக்கானிக். அத்தான், பார்த்த வேலை போனபிறகு அவளிடமே தொழில் கற்கிறார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு எஞ்ஜினை அவர் கையில் விட்டாள். நான் கதை தேடி வேடிக்கை பார்க்கப் போனேன். இது போதும்.

2.

வால்வு ஸ்பிரிங் மாற்ற எஞ்ஜினையே பிரித்துப்போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அத்தானோ ஒரு கயிற்றை எடுத்தார். பிளக் இருந்த ஓட்டை வழியாக அதை உள்ளே திணித்து, எஞ்ஜினைக் கையால் திருப்பினார். பிஸ்டன் மேலே வந்து, கயிற்றை வால்வுகளோடு சேர்த்து அழுத்தியது.

"இப்ப ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ள விழாது மாப்ள. கயிறு தாங்கிக்கும்."

எண்ணெய் இறங்கும் ஓட்டைகளை ஒன்றுவிடாமல் துணியால் அடைத்தார். ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருந்த லாக் என்கிற சின்ன இரும்புத் துண்டுகளைக் காந்தக் குச்சியால் எடுத்துத் தட்டில் வைத்தார். ஒவ்வொன்றும் பாதி விரல்நகம் அளவு. ஒரு வால்வுக்கு இரண்டு. (இந்த இடத்தில் ஒரு உவமை இருந்தது. அடித்துவிட்டேன்.)

3.

கடைசி சிலிண்டர். அதில் இரண்டு வால்வு, தட்டில் நாலு லாக் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

"ஓட்டையெல்லாம் அடைச்சீங்களா?" என்றாள் அக்கா.

"அடைச்சேனே."

"அப்ப அதுக்கு றெக்கை முளைச்சுதா? புதுசு போட்டுக்கலாம், பழசு உள்ள கிடந்தா எஞ்ஜினே போயிடும். இனி எல்லாத்தையும் பிரிக்கணும். உங்களை நம்பி விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அத்தான் ஸ்பானரைத் துடைத்து அவளிடம் நீட்டினார். "எனக்கு இது சரிவராது. இதோட விட்டுடறேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மெல்ல நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4.

மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று: லாக் எஞ்ஜினுக்குள் கிடைக்கிறது. இரண்டு: அத்தானின் செருப்புக்கடியில் கிடைக்கிறது. மூன்று: கிடைப்பதே இல்லை, இருவரும் அன்றிலிருந்து...

மூன்றும் பொய். லாக் இந்தத் தாளின் மேல் இருக்கிறது. அதன் உள்பக்கம் மேடாக ஒரு மெல்லிய வரி உண்டு. அது எதற்கு என்று பார்க்கத்தான் தட்டிலிருந்து எடுத்தேன். "டார்ச்சைப் பிடி மாப்ள" என்றார் அத்தான். பையில் போட்டேன், மறந்தேன். வீட்டில் பேனாவைத் தேடியபோது கையில் அகப்பட்டது. உடனே போன் செய்திருக்கலாம். கதை எழுத உட்கார்ந்தேன்.

(அடிக்குறிப்பு: அந்த வரி, வால்வின் கழுத்திலுள்ள பள்ளத்தைக் கவ்விக்கொள்ள. இப்போது தெரியும். தெரிந்து என்ன?)

5.

போன். அத்தான்தான்.

"மாப்ள, நீ பக்கத்துலதானே இருந்த? நான் துணி அடைச்சேனா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. உங்க அக்கா பிரிக்க ஆரம்பிச்சுட்டா."

அடைத்தார். இரண்டாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள், ஒன்றுவிடாமல் என்று நானே எழுதியிருக்கிறேன். நீங்களும் படித்தீர்கள். இப்போது சாட்சி இரண்டு பேர்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அடைச்சீங்க அத்தான். லாக் என்கிட்ட இருக்கு." ஐந்தே சொல். இத்தனை பக்கம் அளந்தவனுக்கு அது வாயில் வரவில்லை.

"மாப்ள, லைன்ல இருக்கியா?"

"அடைச்சீங்க அத்தான்" என்றுவிட்டேன். மிச்சம் மூன்று சொல். போனை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறேன். கொஞ்சம் சத்தமாகப் படித்துவிடுங்களேன்.