வல்மேராவின் நோன்பு

என் தம்பி சபெத்தாய் ஒரு வரிகூடப் பொய்யாக எழுதியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடே அதுதான்.

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் ஸ்பெயினில், வல்மேரா என்ற ஊரில், மதம் மாற மறுத்த எங்கள் முன்னோரை ஜெபக்கூடத்தோடு வைத்துக் கொளுத்தினார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. தப்பியவர்களின் வம்சம் சலோனிக்காவில் இருந்துவிட்டு ஜெருசலேமுக்கு வந்து, இந்தச் சந்தில் ஒற்றை அறையில் ஒரு ஜெபக்கூடம் வைத்துக்கொண்டது. ஆவ் என்ற எபிரேய மாதத்தில் ஒருநாள் எரிந்தவர்களுக்காக நோன்பு இருப்போம். வேறு எந்த யூதருக்கும் இல்லாத நோன்பு. அன்று விடியும்போதே அப்பா மெர்காதோ வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். "எழுந்திருடா சோம்பேறி! நீ குறட்டை விடறதுக்கா அவங்க நெருப்புல வெந்தாங்க?"

எரிந்தவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டே சபெத்தாய் சரித்திரக்காரனானான். இடைக்கால யூதர்கள் என்றால் உலகமே அவனைக் கேட்கும். இருபது வருடம் ஸ்பெயினின் ஆவணக் காப்பகங்களில் தூசி தின்றான். கடைசியில் கண்டுபிடித்தும் விட்டான். எரிந்துபோனவர்கள் பத்து வருடம் கழித்துத் திராட்சைத் தோட்டம் வாங்கியிருந்தார்கள், ஞானஸ்நானப் பெயர்களில்!

அப்பா கெஞ்சினார். "மாறிட்டாங்கன்னே வச்சுக்கோ. நான் கண்ண மூடினப்புறம் புத்தகத்தப் போடேன்டா."

"மாட்ரிட்ல ஒருத்தன் இதையேதான் தோண்டிட்டு இருக்கான்பா. அவன் முந்திட்டா என் உழைப்பெல்லாம் போச்சு."

"செத்தவங்க விஷயத்துல என்னடா அவசரம்?"

புத்தகம் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அந்த வருட நோன்பன்று தம்பி ஸ்பெயினில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தான். இருட்டியதும் அப்பா வீட்டுக்கு வந்தார். "ஒருத்தனும் வரலம்மா" என்றார் என்னிடம். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச்சேர்ந்தார்.

தன் நினைவுநாளில், இறந்தவர்களுக்காக மகன் சொல்லும் கதீஷ் ஜெபத்தை அந்த அறையில்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார். வருடம் திரும்பியது. பூட்டிக் கிடந்த அறையை நான்தான் திறந்து பெருக்கினேன். கதீஷ் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். பெண்களுக்குக் கணக்கில் இடமில்லை. இல்லாவிட்டால் என் குரலுக்கு என்னையே இரண்டு பேராக எண்ணலாம். பல்கலைக்கழக நண்பர்களோடு சேர்த்து ஒன்பது பேர்தான் தேறினார்கள். சந்திலிருந்து ஒரு தலைகூட வரவில்லை. எங்கள் பேராசிரியர் தம்பி மழையில் நின்று, "ஒரு ஆள் வேணும், ஒரே ஒரு ஆள்!" என்று தக்காளி விற்கிறவன்போலக் கத்திக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கடையில பொஹோர் மாமா உட்கார்ந்திருக்காரே, போய்க் கூப்பிடு" என்றேன்.

"அவர் என்கூடப் பேசறதே இல்லக்கா."

"பேசலன்னா திட்டு வாங்கிட்டு வா. நட!" என்று பிடித்துத் தள்ளி, நானும் கூடவே போனேன்.

மசாலா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பொஹோர் மாமா தலையைத் தூக்கினார். "வாங்க ப்ரொபசர். எங்க பாட்டன்மாரோட திராட்சத் தோட்டமெல்லாம் நல்லா காய்ச்சுதா?"

"மாமா, அப்பாவுக்குக் கதீஷ். ஒரு ஆள் குறையுது."

"எங்ககிட்ட ஏன் கேக்கற?"

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்த நோன்புக்கும் நீங்க யாரும் வரல. அதுலதான் அப்பா உடைஞ்சு போனாரு."

பொஹோர் மாமா எழுந்துவிட்டார். "யாருடா வரல? அன்னிக்கு இந்தச் சந்துல ஒருத்தன் பச்சத்தண்ணி குடிக்கல. வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, உங்கப்பா வந்து தட்டுவாருன்னு கதவுக்குப் பின்னாலயே உட்கார்ந்திருந்தோம். அவர் தட்டவே இல்ல. சரி, அவரே நோன்ப விட்டுட்டாருன்னு நெனச்சுக்கிட்டோம்."

"ஏன் மாமா தட்டல?"

"பெத்த புள்ளையே எல்லாம் கதைன்னு எழுதிட்டான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா தட்டுவாரு?" கிழவர் கடைச் சாவியைக் கையில் எடுத்தார். "எரிஞ்சவங்களுக்காகவா நாங்க வயித்தக் காயப்போட்டோம்? எங்க மெர்காதோவுக்காகடா."

கடைக்கதவை இழுத்து மூடிவிட்டு எங்களோடு வந்தார். பத்துப் பேரானார்கள். தம்பி கதீஷ் சொன்னான். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

விளக்கை அணைக்கும்போது அவன் கேட்டான். "அக்கா, அன்னிக்கு அப்பா இங்க தனியாவா இருந்தாரு?"

அன்று மத்தியானம் நான் வந்து எட்டிப் பார்த்திருந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருட்டற வரைக்கும் தனியாத்தான்டா" என்றேன். "கதவ அகலமாத் திறந்து வச்சுக்கிட்டு."