சிவப்பில் வந்த வரி

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் சும்மா விடத் தெரியாது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பான். அவன் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில்தான் என் கணவரும் இருந்தார். இவனுக்கு மாடியில் கம்ப்யூட்டர், அவருக்குக் கீழே கம்ப்ரஸர் அறை. அங்கே குழாய்களில் ஓடுவது அமோனியா, மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் வாயு. கசிந்தால் சைரன் அலறும், அலறினால் யாரும் உள்ளே போகக்கூடாது.

கசிவைக் கவனிக்கும் புரோகிராம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரிவரியாகக் கொட்டிக்கொண்டிருக்கும். பார்க்கச் சகிக்கவில்லை என்று தம்பி அதற்கு வண்ணம் பூசக் கிளம்பினான். சரியாக இருந்தால் பச்சை, அபாயம் என்றால் சிவப்பு. அவன் கம்ப்யூட்டரில் ஜோராக வந்தது. மேனேஜருடையது வேறு ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் வண்ணத்துக்குப் பதில் அடைப்புக்குறியும் எண்ணுமாகக் குப்பை வந்தது. அதைச் சரிசெய்தான். கண்காணிப்பு அறைக் கம்ப்யூட்டரிலோ வண்ணமே வரவில்லை. விடுவானா? எங்கே ஓடினாலும் வண்ணம் போட்டே தீர வேண்டும் என்று எழுதிவிட்டான். மேனேஜர் பாராட்டினார். மச்சான் இனி வீட்டுச் சுவருக்கும் வெள்ளையடிக்கலாம் என்று என் கணவர் கிண்டலடித்தார்.

அடுத்த மாதம் ஒரு மதியம் கசிந்தது. திரையில் சிவப்பு வந்திருக்கிறது. சாப்பாட்டு நேரம், திரைக்கு முன்னால் யாரும் இல்லை. சைரன் அலறவில்லை. இவர் எப்போதும்போல் கம்ப்ரஸர் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சத்தம் தொந்தரவு என்று அவரே சைரனை அணைத்து வைத்திருந்தார் என்றார் மேனேஜர். செத்தவர் வந்து மறுக்கப் போகிறாரா? உங்கப்பாதான் அணைத்தாராமே என்று பள்ளிக்கூடத்தில் என் மகளிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் தம்பி வந்தான். சாப்பிடச் சொன்னேன், தட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சைரனை அடிப்பது இன்னொரு பழைய புரோகிராமாம். இவன் புரோகிராம் தரும் வரிகளை அது வாங்கிப் படித்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புமாம். ‘அபாயம்’ என்று தொடங்கும் வரி வந்தால் சைரன்.

“வண்ணம் வரணும்னா வரிக்கு முன்னாடி ஒரு குறி வைக்கணும்க்கா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். வரி அபாயம்னு ஆரம்பிக்கலைன்னு அது விட்டுடுச்சு. வரியை வாங்குறது திரையா இல்லாம இன்னொரு புரோகிராம்னா வண்ணம் தானா நின்னுடும். அதான் கண்காணிப்பு ரூம்ல வரல. நான்தான் அடம்புடிச்சு வரவச்சேன்.”

அவனை நான் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். நாளைக்கு இதை அங்கே வந்து சொல் என்றேன். தலையாட்டினான்.

சொன்னான், அரைகுறையாக. புரோகிராமில் கோளாறு, மாமா மேல் தப்பில்லை என்றான். தன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. மேனேஜர் எல்லோரையும் கண்காணிப்பு அறைக்குக் கூட்டிப்போய் ஓட்டிக் காட்டச் சொன்னார். பொய்யாக ஒரு கசிவு கொடுத்தார்கள். சைரன் காது கிழிய அலறியது. விசாரணை அதிகாரி கோப்பை மூடினார். என் கணவர் போன மறுநாளே, இன்னொரு உயிர் போகக்கூடாதென்று தம்பி ஓசைப்படாமல் அதைச் சரிசெய்திருக்கிறான். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை, மடையன்.

“சரிபண்றதுக்கு முன்னாடி இருந்தத வச்சிருக்கியா?” என்று கேட்டேன்.

“இருக்குக்கா.”

“போடு.”

அவன் முகம் செத்துவிட்டது. போட்டால் வேலையோடு போகாது, ஜெயில்வரை இழுக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். கீபோர்டைத் தட்டித் திருத்தாத புரோகிராமைப் போட்டான். மறுபடியும் கசிவு கொடுத்தார்கள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அதன்கீழ் இன்னொன்று, இன்னொன்று. எல்லோரும் சைரனுக்காகக் காத்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த அமைதியை நம்பித்தான் அவர் உள்ளே போயிருக்கிறார்.

இந்த மாற்றத்தைச் செய்தது யார் என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் தரையைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான், சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை.

“என் தம்பிதாங்க” என்றேன்.