கேஸ் வருகிறது

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து கிளம்பியது. மயிலாடுதுறைப் பக்கம் தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு மின்சாரமும் எரிவாயுவும் எப்படிக் கிடைக்கும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். மின்சாரத்தைப் பற்றி நான்கு பக்கம் மளமளவென்று எழுதினேன். எரிவாயுவுக்கு வந்ததும், ‘இணைப்புப் பெறுவது மிகவும் எளி’ என்பதோடு கை நின்றுவிட்டது. மனமறிந்து பொய் எழுத எனக்கு வராது.

2

ஆகவே செந்தாமரையை எழுதத் தொடங்கினேன். திருப்பனந்தாள் ரோட்டில் கொட்டகை பிடித்து அவல் ஆலை போடுகிறாள். ஏழு மாதம் அலைந்து மும்முனை மின்சாரம் வாங்கிவிட்டாள்.* நெல் வறுக்கும் அடுப்புக்குக் குழாய் எரிவாயு வேண்டும். குழாய் மருதையனின் வரப்போரமாக வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் குழாய் வேறு வழியில் போய்விடும், ஆலையும் ஓடாது.

(மருதையன் அவளுக்குச் சித்தப்பா. பூமியைத் துளைத்து எரிவாயு எடுக்க வந்தவர்களை வயலில் மறித்து உட்கார்ந்தவர். அதற்காக அவர்மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் கதையே இல்லை.)

* ஏழு மாதத்தையும் ஒரே வரியில் எழுதியதற்கு அவள் என்னை மன்னிக்க வேண்டும்.

3

முதல் வரைவு:

“சித்தப்பா, கேஸ் விஷயமா ஒரு கையெழுத்து வேணும்.”

“கேஸுக்கா? குடும்மா. எங்க போடணும்?”

அவர் நினைத்தது கோர்ட்டுக் கேஸை. நம் ஊரில் வழக்குக்கும் எரிவாயுவுக்கும் ஒரே சொல்தான். படித்துக்கூடப் பார்க்காமல் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு ஒரே குஷி. கதையும் முடிந்தது, கையேடும் முடிந்தது. செந்தாமரை தாளை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பி

இல்லை. கிளம்ப மாட்டேன் என்கிறாள்.

4

“இது கோர்ட்டுக் கேஸ் இல்ல சித்தப்பா. குழாய்ல வர்ற கேஸ்.”

அவர் பேனாவை மூடினார். (எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.)

“எடுக்க வர்றாங்களா, குடுக்க வர்றாங்களா?”

“குடுக்கத்தான். என் அடுப்புக்கு.”

“அன்னைக்கு வந்தவங்களும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க.”

“ஏமாத்தி வாங்க மாட்டேன் சித்தப்பா. வாங்காமப் போகவும் மாட்டேன்.”

“அப்ப எழுதிக் குடு.”

அவள் தாளைத் திருப்பி, வண்டி சீட்டின்மேல் வைத்து எழுதினாள்: ‘இந்தக் குழாயைச் சாக்கு வைத்து யாராவது எடுக்க வந்தால், முதலில் மறித்து உட்காருவது நான். கேஸ் என்மேல் வரட்டும்.’ கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை அவரிடம் நீட்டினாள்.

5

அவர் போட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். போடவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் துணிந்து சொன்ன உண்மைக்கு நான் கூலி கொடுப்பதுபோல இருந்தது, அல்லது தண்டனை கொடுப்பதுபோல.

கையேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன்: ‘இணைப்பு வேண்டுவோர் வரப்புக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லவும்.’ அது அச்சுக்குப் போய்விட்டது.

மருதையன் அவள் எழுதியதை இரண்டாம் முறையாகப் படிக்கிறார். இன்று வியாழக்கிழமை. நீங்களும் ஒரு வரப்புக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா உங்களிடம்தான் இருக்கிறது.