ஒரு கேன் இங்கிலீஷ்

வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வேலைக்குப் போறவங்க, எங்க ஊர்ல மொதல்ல இங்கிலீஷத்தான் அனுப்புவாங்க. ஆளு பின்னாடி போகும். இங்கிலீஷ் ஒரு மாசம் முன்னாடியே போயி அந்த ஊர்த் தண்ணிக்குப் பழகிக்கிடும். இருபது லிட்டர் கேன்ல ஊத்திக் குடுக்கணும். எம்.ஏ. படிச்சவங்களுக்கு ஒரு கேன் நெறையும். பி.ஏ.வுக்கு முக்கா. நான் ஏழாப்போட நின்னவன். என்னையக் கவுத்தா ஒரு டம்ளர் வரும், அதுலயும் பாதி பஸ்ல படிச்சது.

எனக்குத் தொழிலு தண்ணி கேன் போடுறது. அருப்புக்கோட்டைல பாதி வீட்டுத் தாகம் என் வண்டிலதான் போகுது. எம் பொண்டாட்டி பாண்டிமீனா, எம்.ஏ., பி.எட்., ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ். ஒம்பது வருசமா நின்னுக்கிட்டே பாடம் எடுத்தவ. அந்த ஸ்கூல்ல மிஸ்ஸுக்கு நாற்காலி கெடையாது. மிஸ்ஸு உக்காந்தா பாடமும் உக்காந்துருமாம். சாயங்காலம் வந்து கால நீட்டுனான்னா கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா நிக்கும். வெளிநாட்டு ஸ்கூல்ல மிஸ்ஸுக்கு நாற்காலி உண்டுன்னு யாரோ சொல்லிருக்காங்க. அதுவும் சுத்துற நாற்காலி. அதுக்குத்தான் போகணும்னு சொன்னா.

ஏஜெண்டு பேரு மகிழ்வண்ணன். கோழித்தீவனக் கடைக்கு மாடியில ஆபீசு. வாரம் ரெண்டு கேன் எடுக்குறவரு, காலிக் கேன அலசி வச்சுத் தர்றவரு. அதனால எனக்கு அவர் மேல ஒரு மரியாதை.

"எந்த நாடு சார்?"ன்னு மீனா கேட்டா.

"வெளிநாடும்மா."

"அதுல எது?"

"உள்நாடு இல்லாதது எல்லாம் வெளிநாடுதானம்மா. எறங்கினதும் தெரிஞ்சிரும்."

"ஸ்கூல் பேரு?"

"நீங்க போனதும் வைப்பாங்க."

"அக்ரிமெண்ட் இருக்கும்ல சார். அதக் காட்டுங்க."

"காட்டாம? ஆனா அது இங்கிலீஷ்ல இருக்கு. மொதல்ல நீங்க ஊத்திருங்க. ஊத்தி முடிச்சதும் தர்றேன், நிதானமாப் படிங்க."

மீனா என்னைய மாடிப்படிக்குத் தள்ளிக்கிட்டு வந்தா. "ஏங்க, நாட்டுக்கும் பேரு இல்ல, ஸ்கூலுக்கும் பேரு இல்ல. படிச்சுப் பாக்காம நான் ஊத்த மாட்டேன். இவரு அனுப்பிப் போனவங்க யாராச்சும் ஒருத்தர்கிட்டப் பேசிப் பாப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

நான் சிரிச்சேன். எனக்கு எதையும் கேலி பண்ணித்தான் நகத்தத் தெரியும். "அடியே, ஊரு பூரா தெனம் கேன் குடுக்குறேன், ஒருத்தர்கிட்ட அக்ரிமெண்ட் கேட்டதில்ல. நீ ஒரு கேனுக்கு இந்தப் பாடு படுத்துற. உன் இங்கிலீஷத் தூக்கிட்டுப் போயி அந்தாளு என்ன சாம்பாரா வைக்கப் போறாரு?"

மேலருந்து மகிழ்வண்ணன், "அண்ணே, நாலு மணிக்கு வண்டி. இத விட்டா அடுத்த வருசம்தான்"னாரு.

மீனா உள்ள போயி குனிஞ்சு புனல்ல வாய வச்சா. மொதல்ல பரீட்சை இங்கிலீஷ் வந்துச்சு, கொழகொழன்னு. பெறகு பாட்டு. பெறகு லீவு லெட்டரு. வீட்டுல பொழங்குறது அடியில கெடந்துருக்கு, அது கடைசியாத்தான் வந்துச்சு. கடைசிச் சொட்டு விழுறப்ப தலையத் தூக்கி என்னையப் பாத்தா. "ஐ டோல்ட் யூ"ன்னா. அதுவும் கேனுக்குள்ள விழுந்துருச்சு. நான் மூடியப் போட்டேன்.

எங்க தொழில்ல ரசீது கெடையாது. நெறஞ்ச கேன் குடுத்தா காலிக் கேன் வாங்கணும். காலிக் கேன் கையில இருந்தா கணக்கு நேரு. மகிழ்வண்ணன் ஒரு காலிக் கேன நீட்டுனாரு. நல்லா அலசி இருந்துச்சு. வாங்கிக்கிட்டேன். கேன் மேல பேரு எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல. தண்ணியில யாரு பேரு எழுதுவா?

சொன்னபடி அக்ரிமெண்டும் குடுத்தாரு, ஒம்பது பக்கம். மீனா ஒவ்வொரு பக்கமாத் திருப்பிட்டு, "கோடு நல்லா நேராப் போட்டிருக்காங்க"ன்னா.

வீட்டுக்கு வந்ததும், டீ போடுன்னேன். "எதப் போட?"ன்னு கேட்டா. அவ காதுல டீ விழல. பஸ்ஸு, ஃபேனு, சுவிட்ச்சு, சோப்பு எல்லாம் கேனோட போயிருச்சு. "அந்த மேல சுத்துறத நிறுத்துங்க"ம்பா. "அந்த நொரை வர்றதக் குடுங்க"ம்பா. போன் நம்பர யாரும் தமிழ்ல சொல்லிப் பழகல, அதனால சொந்த நம்பரும் போச்சு. வாக்கியத்துக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா விட்டுப் பேசுனா. ஓட்டை வந்த எடத்துல நின்னு, நான் தாண்டி வர்றவரைக்கும் காத்திருப்பா.

ஸ்கூல்ல அவள வெளிய அனுப்பல. மதியம் புள்ளைங்க சாப்பிடுறப்ப டம்ளர்ல தண்ணி ஊத்துற வேல குடுத்தாங்க. அதுவும் நின்னுக்கிட்டேதான்.

மாடிப்படில வந்த சண்டைக்கு நான் சாரி சொல்லணும்ல. அன்னைக்கே சொன்னேன். அவளுக்கு அது காக்கா கத்துன மாதிரி இருந்துருக்கு, சன்னல எட்டிப் பாத்தா. தமிழ்ல மன்னிச்சிருன்னு ஒண்ணு இருக்கு. அது சாமிகிட்டயும் மேடையிலயும் சொல்றது. சமையக்கட்டுல நின்னு அதச் சொன்னா கூத்து மாதிரி ஆயிரும். இருந்தாலும் ஒருநா சொன்னேன். மீனா சிரிச்சுட்டு, "போங்க, ஒங்களுக்கு எப்பவும் கேலிதான்"னா. கலியாணமான நாள்லருந்து கேலி பேசுன வாயி. அதுலருந்து வேற சாமான் வரும்னா யாரு நம்புவா?

அதனால சண்ட முடியல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதுபாட்டுக்கு உக்காந்துருச்சு. மூணு தட்டு வச்சுச் சாப்பிட்டோம்.

மாசம் ஒண்ணு ஆச்சு. மகிழ்வண்ணன்கிட்டப் போயிக் கேட்டேன். "போய்ச் சேந்துருச்சுண்ணே. பிரமாதமாப் பாடம் எடுக்குது. ஆளு வேணும்னு இன்னும் கேக்கல"ன்னாரு. ரெண்டாம் மாசம், "லீவே போடாம வேல செய்யுதுண்ணே"ன்னாரு. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. வீட்டுல வந்து சொன்னேன். "அதுக்கு நாற்காலி குடுத்தாங்களான்னு கேட்டீங்களா?"ன்னா. கேக்கலையேன்னேன்.

அஞ்சாம் மாசம் கேன் போடப் போனா மாடி பூட்டிக் கெடந்துச்சு. கீழ தீவனக் கடைக்காரர் சோலைமலை அண்ணன் மூட்டை தச்சுக்கிட்டு இருந்தாரு.

"எங்கண்ணே மாடிக்காரரு?"

"காலி பண்ணிட்டுப் போயி நாலு நாளாச்சுப்பா. உன் கேனையெல்லாம் கொல்லையில போட்டுட்டுப் போயிருக்கான். இருக்குற எடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு."

காலிக் கேனத் தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனேன். ஏட்டையா கேனத் தட்டிப் பாத்தாரு. "ஏம்ப்பா, மேல ஏதாச்சும் எழுதி வாங்கிருக்கணுமேப்பா"ன்னாரு. குடிச்சிட்டுப் போன்னு ஒரு மோரு வாங்கிக் குடுத்தாரு.

திரும்பக் கொல்லைக்கு வந்தேன். முப்பத்தெட்டுக் கேன், எல்லாம் நெறஞ்சு நின்னுச்சு. எந்த நாட்டுக்கும் போகல. பக்கத்துல போனா உள்ள மொணமொணன்னு சத்தம், பரீட்சைக்கு முந்துன நாளு மாதிரி.

"எல்லாத்தையும் அள்ளாதப்பா. மத்தவங்களும் வருவாங்க. ஒரு காலிய வச்சுட்டு ஒண்ண எடு"ன்னாரு சோலைமலை அண்ணன். அது நியாயம்.

கேன விரலால தட்டுனா எவ்வளவு இருக்குன்னு சொல்லிருவேன். யாருதுன்னு சொல்லத் தெரியாது. ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தேன். ஒண்ணு பாடுச்சு. ஒண்ணு இருமுச்சு. பதினேழாவது கேன் என்னையத் திட்டுச்சு. அர்த்தம் புரியல, ஆனா திட்டுன்னு தெரிஞ்சுச்சு. அந்த ராகம் எனக்குப் பழக்கம். எங்க ஜில்லாவுல புருசன இங்கிலீஷ்ல திட்டுறவ எம் பொண்டாட்டி ஒருத்திதான்னு அன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதத் தூக்கித் தோள்ல வச்சேன்.

குடிச்சு முடிக்க மீனாவுக்கு ரெண்டு நாளாச்சு. ரெண்டாம் நாளு மத்தியானம் கடைசி டம்ளர வச்சுட்டு, "ஃபேன் சவுண்டு ஓவரா இருக்குங்க"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இனி தாமதிக்கக் கூடாதுன்னு நேராப் போயி முன்னாடி நின்னேன். அஞ்சு மாசமா வாய்க்குள்ளயே கெடந்தது. சொன்னேன்.

"சாரி மீனா."

இந்தவாட்டி அவ காதுல விழுந்துச்சு. என் மொகத்த ரெண்டு கையாலயும் பிடிச்சா. கண்ணுல தண்ணி கட்டிருச்சு.

"இட்ஸ் ஓகே, தனபால்"னா. எம் பேரு அது இல்ல, கேன் மாறிருச்சு.

மூணாவது தட்டு அன்னைக்குச் சாயங்காலமும் இருந்துச்சு.

தனபாலோட நம்பரும் அந்த இங்கிலீஷுக்குள்ளயே இருந்துச்சு. மீனா மூச்சு விடாம பத்து நம்பரையும் சொன்னா. போன் போட்டேன். சாத்தூர்ல தையக்கடை வச்சிருக்காரு. பொண்டாட்டி கனகவல்லி, பி.எட்., அவளும் அதே ஏஜெண்டுகிட்ட ஊத்திருக்கா. அவரும் அவசரப்படுத்துனவருதான்.

"வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டாண்ணே. நான்தான் கேக்கல. அன்னைலருந்து ஒரு சாரி என்கிட்டயே கெடக்கு"ன்னாரு.

"வாங்க தம்பி, உங்களுக்கான பதில் எங்க வீட்டுலதான் இருக்கு"ன்னேன்.

வர்ற வழியில தனபாலும் கனகவல்லியும் காலிக் கேனோட தீவனக் கடைக்குப் போயிருக்காங்க. கொல்லையில காலிக் கேன் மட்டுந்தான் கெடந்துருக்கு. மத்தவங்க வந்து ஆளுக்கு ஒண்ண எடுத்துட்டாங்க, யாரோ ஒருத்தர் ரெண்டா எடுத்துருக்காரு, பேரு எழுதாதது எல்லாம் ஒண்ணுதானே. கமுதிக்கு ஒண்ணு, விளாத்திகுளத்துக்கு ஒண்ணுன்னு போயிருச்சாம். மீனாவோட இங்கிலீஷ் எவ வயித்துல இருக்குன்னு தெரியல. எங்கயோ ஒருத்தி காரணம் தெரியாம என் மேல கோவமா இருப்பா.

இப்ப ஞாயித்துக்கிழமை தோறும் அவங்க ரெண்டு பேரும் வர்றாங்க. தனபால் மீனா முன்னாடி உக்காந்து சாரி சொல்லுவாரு. மீனா இட்ஸ் ஓகேம்பா. அவரு கர்ச்சீப்ப எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிடுவாரு. பெறகு ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல என்னமோ சிரிச்சுப் பேசுவாங்க. நானும் கனகவல்லியும் சமையக்கட்டுல அவரைக்காய் உரிப்போம்.

"என்னண்ணே பேசுறாக?"ன்னு அவ ஒருநா கேட்டா.

"உன் வீட்டுக்காரரு நல்லவர்னு பேசுறாங்க தங்கச்சி."

"யாரு சொல்றா?"

"நீதான்மா சொல்ற."

கனகவல்லி இன்னொரு காய உரிச்சா. "நான் அப்படியா சொல்றேன்"னா.

அவங்க பஸ் ஏறுனதும் மீனா என் பக்கத்துல வந்து உக்காருவா. தமிழ்ல எல்லாம் பேசுவா, காய் வெல, மோட்டாரு ரிப்பேரு. நான் சாரின்னா மட்டும் தனபால்னு திரும்புவா. அதனால நான் இப்ப அந்த வார்த்தையச் சொல்றதில்ல. தமிழ்ல கேலி பண்றதையும் கொறைச்சுட்டேன். ஒரு வருசம் கேலியே பண்ணாம இருந்தா, மன்னிச்சிருன்னு சொல்றப்ப நம்புவான்னு ஒரு கணக்கு. நாலு மாசம் முடிஞ்சிருக்கு.

போன மாசம் தனபால் ரேசன் கார்டு கொண்டு வந்தாரு. மீனாவுல பாதிய அவங்க கார்டுல ஏத்தணும்னு கேட்டாரு, கூச்சத்தோடதான். ரெண்டு பேரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். ஏன்னு அங்க யாரும் கேக்கல. எந்தப் பாதின்னு மட்டும் கேட்டாங்க. இங்கிலீஷ் பேசுற பாதின்னு தனபால் சொன்னாரு. எழுதிக்கிட்டாங்க. அரிசி, சீனி எல்லாம் இனி ரெண்டு ஊர்லயும் பாதிப் பாதி.

சாத்தூர் ரேசன் கடையில மீனா கைரேகை வைக்கணும். அதுக்கு ஆளு வர வேணாம், விரல மட்டும் குடுத்தனுப்புனாப் போதும்னாங்க. மோதிர விரல் வேணாம், சுண்டுவிரல எடுத்துட்டுப் போங்கன்னு தனபால்கிட்டச் சொன்னேன். மாசத்துல மொத சனிக்கிழமை காலையில வந்து வாங்கிக்கிடுவாரு. சாயங்கால பஸ்ஸுக்குக் கொண்டு வந்துருவாரு.