கிண்ணம் காலியாகும் வரை

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. 'தாய்ப்பால் பெருக உதவக்கூடிய பத்துத் தாவர உணவுகள்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். பிள்ளை பெறாதவன், வெந்நீர் வைக்கவே அடுப்போடு மல்லுக்கட்டுகிறவன் நான், கூசாமல் ஒப்புக்கொண்டேன். வெந்தயம், பெருஞ்சீரகம், பூண்டு, ஓட்ஸ், எள், பாதாம் என்று ஆறு வரைக்கும் வண்டி ஓடியது. ஒவ்வொன்றின் பின்னாலும் 'உதவலாம்' என்று எழுதினேன். ஆறாவது 'உதவலாம்' என்னை முறைத்தது. யாருக்கு உதவலாம்? அதற்குப் பதிலாகத்தான் ஒருத்தி வந்து நின்றாள்.

2.

அவள் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்து—

(அடித்துவிட்டேன். இருபது நாள் குழந்தை இருக்கிற வீட்டில் வானம் பார்க்க யாருக்கு நேரம்?)

மறுபடி. அவள் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவள். பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே எடையைக் கிராம் சுத்தமாகச் சொல்லிவிடுவாள். அங்கே அவள் பெயர் 'கிராம் அக்கா'. ஒரு வெள்ளிக்கிழமை கிளினிக் தராசில் தன் குழந்தையை வைத்தாள். அது பொட்டலம் போல அசையாமல் கிடந்தது. எண் உடனே நின்றது. போன வாரத்தைவிட முப்பது கிராம்தான் கூடுதல்.

"அடுத்த வெள்ளிக்குள்ள நூத்தம்பது கிராமாவது ஏறணும்மா," என்றார் நர்ஸ். "இல்லேன்னா பவுடர் பாலும் சேத்துக் குடுக்க வேண்டியிருக்கும். அதுல தப்பில்ல."

தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் தன் உடம்பே பிள்ளையை ஏமாற்றுகிறதோ என்ற பயத்தோடுதான் குழந்தையைத் தராசிலிருந்து எடுத்தாள்.

3.

கணவன் விஷயத்தில்தான் தடுமாறினேன். முதலில் அவனைக் குமாஸ்தாவாக வைத்தேன், சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரனாக்கினேன். கரண்டி கிடைத்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. என் பட்டியலின் ஆறையும் மாற்றி மாற்றிக் கஞ்சியில் போட்டான். முந்நூறு பேருக்குச் சமைக்கிற கை, அளவு குறையுமா?

(வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் வியர்வையே மணக்குமாம். பால்? சில ஆய்வுகளில் கூடியிருக்கிறது, சிலவற்றில் இல்லை. அந்த ஆய்வுகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது.)

குழந்தை சிணுங்கினால் போதும், கிண்ணத்தோடு வந்து நிற்பான்.

"முதல்ல நீ குடி, அப்புறம் அவளுக்குக் குடு. காலி டேங்க்ல குழாயத் திறந்தா காத்துதான் வரும்."

"கொதிக்குதுங்க."

"ஊதி ஊதிக் குடி. அதுவரைக்கும் பாப்பாவ நான் வச்சுக்கறேன்."

கிண்ணம் காலியாவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்த வீட்டில் பிள்ளை அழுதால் தாய் கஞ்சி குடித்தாள்.

(சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவசரமாக நர்ஸை அனுப்பினேன்.)

4.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வீட்டுக்கே வந்தார். கஞ்சியை ருசி பார்த்தார்.

"நல்லாருக்கு சார். ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

"எட்டு," என்றான் பெருமையாக.

"கஞ்சிய கேக்கல. பாப்பா எத்தனை தடவ குடிக்குது?"

கிராம் அக்கா விரல் விட்டு எண்ணினாள். ஐந்தாவது விரலோடு கை நின்றது. "ஐயோ, அவள விட நான்தாங்க அதிகம் குடிச்சிருக்கேன்!"

"இறைக்கிற கிணறுதான் சார் ஊறும்," என்றார் நர்ஸ். "அழுவுற வரைக்கும் விடாதீங்கம்மா. வாயச் சப்புக்கொட்டும்போதே எடுத்துக் குடுங்க. கஞ்சி காத்திருக்கும், அது ஒண்ணும் அழாது."

அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அன்று முதல் சிணுங்கல் கேட்டால் முதலில் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். அவள் பால் கொடுக்கக் கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஆறிய கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினான்.

5.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நூற்றெண்பது கிராம் ஏறுகிறது. எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நீங்கள் உடனே வெந்தயம் வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். இன்னொன்றில் எண்பது, வெந்தயத்தைத் திட்டுவீர்கள். அந்த வாரம் கஞ்சியும் இருந்தது, மடியும் இருந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தராசு என்னிடம் இல்லை.

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை. தொழில் பழக்கம் விடுமா? "ஜீரோ வந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் குழந்தையை வைக்கிறாள். கணவன் எட்டிப் பார்க்கிறான். போன வாரம் அசையாமல் கிடந்தவள் கையை ஆட்டிக் காலை உதைக்கிறாள். எண் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்க மாட்டேன் என்கிறது.

"ஒரு நிமிஷம் சும்மா இருடி," என்று கெஞ்சுகிறாள் கிராம் அக்கா. சிரிக்கிறாள், கண் நிறைகிறது.

எண் நின்றால் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.